வங்கித் திறனும் சிப்காட் வாய்க்காலும்: ஓர் இந்திய-பாகிஸ்தான் ஒப்பீட்டைப் பற்றி

கடலூர் ஓ.டி.யைத் தாண்டி சிதம்பரம் ரோட்டில் கொஞ்ச தூரம் போனதும் மூக்கே சொல்லிவிடும், சிப்காட் வந்துவிட்டது என்று. பஸ்ஸில் புதிதாக வருகிறவர்கள் ஜன்னலை மூடுவார்கள். எங்களுக்குப் பழகிவிட்டது. அந்தத் தொழிற்பேட்டையில் ஒரு கம்பெனியின் கணக்குப் பிரிவில் பல வருஷம் வேலை பார்த்தவன் நான். மாதக் கடைசியில் உற்பத்தி அறிக்கை போடுவது என் பொறுப்பு. எத்தனை டன் மூலப்பொருள் உள்ளே வந்தது, மின்சாரம் எவ்வளவு, பாய்லருக்கு எரிபொருள் எவ்வளவு, எத்தனை டிரம் சரக்கு கேட்டைத் தாண்டிப் போனது, கடைசியில் ஒரு விகிதம். போன மாதத்தைவிட அது கூடியிருந்தால் எல்லோருக்கும் சந்தோஷம். வாய்க்கால் பக்கம் என்ன போனது என்பதற்கு அந்தத் தாளில் கட்டமே கிடையாது. அதற்கு வேறு ஃபைல், வேறு ஆள்.

இரண்டு நாட்டு வங்கிகளின் திறனை ஒப்பிடும் ஆய்வுகளைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு அந்தத் தாள்தான் ஞாபகம் வருகிறது. இந்த வகையில் நம் பக்கத்து ஆட்களுக்கு முக்கியமான கட்டுரை ஒன்று உண்டு. அலி அத்தாவுல்லா, டோனி காக்கரில், ஹாங் லே ஆகிய மூவரும் 2004இல் ‘அப்ளைட் எகனாமிக்ஸ்’ இதழில் எழுதியது. 1988 முதல் 1998 வரை இந்திய, பாகிஸ்தானிய வணிக வங்கிகளின் திறன் எப்படி மாறியது என்பது பொருள். இரண்டு நாட்டிலும் நிதித்துறையைத் திறந்துவிட்ட பத்தாண்டு அது. இங்கே 1991இல் நரசிம்மம் குழு அறிக்கை, 1994 வாக்கில் புதிய தனியார் வங்கிகள். அங்கே 1974இல் நாட்டுடைமையான வங்கிகளில் முஸ்லிம் கமர்ஷியல் வங்கியும் அலைடு வங்கியும் 1991இல் அரசின் கையை விட்டுப் போயின. ஒப்பிடுவதற்கு இதைவிடப் பொருத்தமான ஜோடி கிடைக்காது. ஒரே காலனி ஆட்சியில் வளர்ந்த வங்கி முறை, 1947இல் பிரிந்தது, இரண்டு பக்கமும் அரசுடைமை, இரண்டு பக்கமும் தளர்வு.

அவர்கள் கண்டது சுருக்கமாக இது. இரண்டு நாட்டு வங்கித் துறையின் திறனும் மெல்ல உயர்ந்தது, குறிப்பாக 1995க்குப் பிறகு. பாகிஸ்தான் அரசு வங்கிகளில் உயர்ந்தது அளவு சார்ந்த திறன் மட்டும்தான். இந்திய அரசு வங்கிகளின் கதை வேறு. இன்னொன்று, வங்கிகள் கடனையும் முதலீட்டையும் உருவாக்குவதில் காட்டும் திறனை வருமானம் ஈட்டுவதில் காட்டவில்லை. காரணம், வாராக்கடன்.

இந்தக் கடைசிக் கண்டுபிடிப்பு நேர்மையானது. பலர் ஒரே ஒரு மாதிரியைப் போட்டுவிட்டு நடையைக் கட்டும் இடத்தில், இவர்கள் கடனை உற்பத்தியாகக் கொண்டு ஒருமுறையும் வருமானத்தை உற்பத்தியாகக் கொண்டு இன்னொரு முறையும் அளந்தார்கள். ரெண்டுக்கும் நடுவில் ஓட்டை இருப்பது அதனால்தான் தெரிந்தது. என் சண்டை அந்த ஓட்டையை அவர்கள் வைத்த இடத்தோடு. முடிவுரையில் காரணமாகச் சொல்லப்பட்ட வாராக்கடன், அளவுகோலுக்கு உள்ளேயே உட்கார்ந்திருக்கிறது என்பது என் வாதம். அப்படியானால் ‘1995க்குப் பிறகு உயர்ந்தது’ என்ற முதல் முடிவை எவ்வளவு நம்பலாம்?

முறையைக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். டேட்டா என்வெலப்மென்ட் அனாலிசிஸ், சுருக்கமாக டி.இ.ஏ. 1957இல் ஃபாரெல் போட்ட அடித்தளத்தின் மேல் சார்ன்ஸ், கூப்பர், ரோட்ஸ் மூவரும் 1978இல் கட்டியது. அமெரிக்காவில் ஏழைப் பிள்ளைகளுக்கான ஒரு பள்ளித் திட்டத்தை மதிப்பிடும் வேலையிலிருந்து பிறந்த முறை. சந்தை விலை இல்லாத இடத்தில் எது நன்றாக நடக்கிறது என்று பார்க்க வந்த கருவி என்பதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். யோசனை எளிமையானது. பத்து சாயக் கம்பெனிகள் இருக்கின்றன. ஒரே அளவு மூலப்பொருளுக்கும் மின்சாரத்துக்கும் யார் அதிக டிரம் எடுக்கிறார்களோ அவர்கள் எல்லைக்கோடு, அவர்களுக்கு மதிப்பெண் 1. மற்றவர்கள் அந்தக் கோட்டிலிருந்து எவ்வளவு தள்ளி நிற்கிறார்களோ அவ்வளவு குறைவு, 0.8, 0.6 என்று. இதில் 1 என்றால் நல்ல கம்பெனி என்று அர்த்தமில்லை, இந்தப் பத்தில் இதுதான் மேல் என்று மட்டுமே அர்த்தம். எது உள்ளீடு, எது உற்பத்தி என்று ஆய்வாளர் சொல்ல வேண்டும். அதைக் கணினி கேட்காது.

வங்கிக்கு வரும்போது வழக்கமாக வட்டிச் செலவும் நிர்வாகச் செலவும் உள்ளீடு. கொடுத்த கடன், போட்ட முதலீடு உற்பத்தி. அல்லது வட்டி வருமானமும் மற்ற வருமானமும் உற்பத்தி. படிக்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஒரு பட்டறைக் கணக்கை வைத்துப் பார்த்தால் தெரியும் சங்கதி.

என் சித்தப்பா ஓ.டி. பக்கம் லேத் பட்டறை வைத்திருந்தார். சிப்காட் கம்பெனிகளுக்குப் பம்ப் ஷாஃப்ட், ஃபிளாஞ்ச், வால்வு வேலை. 1989இல் ஒரு வங்கியில் இரண்டு லட்சம் ஓ.டி. லிமிட் வாங்கினார் (இந்த ஓ.டி. ஊர் இல்லை, ஓவர்டிராஃப்ட்). வேலை கொடுத்த கம்பெனிகள் ஆறு மாதம், எட்டு மாதம் கழித்துப் பில் பாஸ் பண்ணும். வட்டி கட்ட முடியவில்லை. மேனேஜரிடம் போனால், “கவலைப்படாதீங்க, மார்ச் வரட்டும், லிமிட்டைக் கொஞ்சம் ஏத்திடலாம்” என்பார். ஏற்றினார்கள். ஏற்றிய தொகையிலேயே பழைய வட்டி கழிந்தது. அடுத்த மார்ச்சில் இன்னொரு தடவை. சித்தப்பா கையில் ஒரு பைசா புதிதாக வரவில்லை. வங்கிப் புத்தகத்தில் என்ன நடந்தது பாருங்கள். கடன் இரண்டு லட்சத்திலிருந்து இரண்டே முக்கால் ஆனது: உற்பத்தி கூடியது. வட்டி ‘வசூலானது’: வருமானமும் கூடியது. மேனேஜர் ஒரு கையெழுத்துப் போட்டார், செலவு ஏறக்குறைய பூஜ்யம். கடன் மாதிரியிலும் வருமான மாதிரியிலும் அந்தக் கிளை அந்த வருஷம் எல்லைக்கோட்டை நோக்கி ஓர் அடி நகர்ந்திருக்கும்.

1994 வாக்கில் அதே நாற்காலியில் இருந்த வேறு மேனேஜர், “இப்ப அதெல்லாம் முடியாதுங்க, மேல கேக்கறாங்க” என்றார். பெரிய லேத்தையும் ஒரு மனையையும் விற்றுக் கணக்கை முடித்தார் சித்தப்பா. “கடன் வாங்கினப்ப நான் நல்ல கஸ்டமர்டா, திருப்பிக் கொடுத்தப்பதான் கெட்டவன் ஆனேன்” என்று இன்றைக்கும் சொல்வார். வங்கிமேல் எனக்குக் கோபம் உண்டு, மறைப்பானேன்? ஆனால் இங்கே கேள்வி வேறு. அந்த மேனேஜருக்கு ‘மேலே’ என்ன மாறியது?

ரிசர்வ் வங்கியின் விதி மாறியது. 1985 முதல் ‘ஹெல்த் கோடு’ என்று கடன்களை எட்டு வகையாகப் பிரிக்கும் ஏற்பாடு இருந்தது. எந்தக் கடனை எந்த வகையில் போடுவது என்பதில் வங்கியின் மனசுக்கு நிறைய இடம் இருந்தது. நரசிம்மம் குழுவுக்குப் பிறகு 1992-93இலிருந்து கணக்கு கறாரானது. வட்டி நான்கு காலாண்டு பாக்கி என்றால் வாராக்கடன். 1993-94இல் அது மூன்று காலாண்டு, 1994-95இல் இரண்டு. வாராக்கடன் ஆகிவிட்டால் கைக்கு வராத வட்டியை வருமானமாக எழுதக் கூடாது. பிறகு 2004இல் 90 நாள் என்றானது.

இப்போது ஆய்வுக் காலத்தைப் பாருங்கள், 1988 முதல் 1998. சரியாக நடுவில் அளவுகோலே மாறுகிறது. 1990இன் ‘வட்டி வருமானம்’ வேறு, 1996இன் ‘வட்டி வருமானம்’ வேறு. முதலாவதில் சித்தப்பாவின் எழுத்துக்கணக்கு வட்டி உண்டு, இரண்டாவதில் கிடையாது. 1992 முதல் 1995 வரை மூன்று வருஷம் விதி ஒவ்வொரு படியாக இறுகுகிறது, அதனால் வருமானம் புத்தகத்தில் சரியும். 1995க்குப் பிறகு இறுகுவது நிற்கிறது. அதற்குமேல் வருகிற எந்த வளர்ச்சியும் ஏற்றமாகத் தெரியும். ‘குறிப்பாக 1995க்குப் பிறகு’ என்ற முடிவில் வங்கி மேலாண்மையின் பங்கு எவ்வளவு, கணக்குப் பதிவின் பங்கு எவ்வளவு? பிரித்துச் சொல்லாமல் ‘தாராளமயத்தால் திறன் உயர்ந்தது’ என்று படிப்பது அவசரம்.

இன்னொரு வழியிலும் வருமானம் ஏறியது. 1993 மார்ச்சில் பொதுத்துறை வங்கிகளின் கடனில் 23.2 சதவீதம் வாராக்கடன் என்று வெளியே வந்தது. மூலதனம் கரைந்த வங்கிகளுக்கு அரசு பணம் போட வேண்டியிருந்தது. 1993-94இல் மட்டும் 5,700 கோடி, அந்தப் பத்தாண்டு முடிவதற்குள் மொத்தம் 20,000 கோடிக்கு மேல். ரொக்கமாக அல்ல. அரசு கொடுத்த மூலதனத்தை வங்கி அரசின் பத்திரத்திலேயே திருப்பிப் போட வேண்டும், பத்திரத்துக்கு அரசு வட்டி தரும். டி.இ.ஏ. கண்ணாடி வழியாக இதைப் பாருங்கள். பத்திரம் ‘முதலீடு’, அதாவது உற்பத்தி. அதன் வட்டி ‘வருமானம்’, அதுவும் உற்பத்தி. இதற்கு வங்கிக்கு ஆன உள்ளீடு? டெபாசிட் திரட்டவில்லை, கிளை திறக்கவில்லை. கெட்ட கடன் கொடுத்துக் கவிழ்ந்ததற்கு அரசு கட்டிய அபராதம், கவிழ்ந்தவரின் திறனாக மதிப்பெண் பெறுகிறது.

எங்கள் மாவட்டத்துக்கு முன்னோடி வங்கி இந்தியன் வங்கி. 1906இல் ஆர்பத்நாட் கம்பெனி கவிழ்ந்த சூட்டில் 1907 ஆகஸ்ட் 15 அன்று சென்னையில் பிறந்தது. அதே வங்கி 1995-96இல் 1,336 கோடி நஷ்டம் காட்டியது. அந்தக் காலத்துக்கு அது மிரளவைக்கும் தொகை. அரசு மூலதனம் போட்டது, பிற்பாடு வங்கி நன்றாகவே எழுந்து நின்றது. அந்த நஷ்டத்துக்குக் காரணமான கடன்கள் எல்லாம் 1995-96இல் கொடுக்கப்பட்டவை அல்ல என்பதை மட்டும் கவனியுங்கள். கொடுத்த வருஷங்களில் அவை உற்பத்தி.

இந்த ஒரு கட்டுரையை மட்டும் குறை சொல்வதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். பட்டாச்சார்யா, லவல், சஹாய் மூவரும் 1997இல் எழுதிய, மிக அதிகமாக மேற்கோள் காட்டப்படும் ஆய்வு 1986 முதல் 1991 வரை 70 இந்திய வங்கிகளை அளந்தது. அதில் மிகத் திறமையானவை பொதுத்துறை வங்கிகள், அடுத்து வெளிநாட்டு வங்கிகள், கடைசியில் தனியார். கடன், முதலீடு, டெபாசிட் மூன்றும் அங்கே உற்பத்தி. அந்தத் ‘திறமையான’ வருஷங்களில் கொடுத்த கடன்தான் இரண்டே வருஷத்தில் 23.2 சதவீதமாக வாயைப் பிளந்தது. காலப்போக்கில் பொதுத்துறையின் திறன் சரிந்துவந்ததை அவர்களும் கண்டார்கள் என்பது உண்மை. ஆனால் தரவரிசையில் முதலிடம் முதலிடம்தான்.

நம்ம ஊரில் மட்டும்தான் இப்படி என்று நினைக்காதீர்கள். பெர்க், ஃபோர்சுண்ட், யால்மார்சன், சுவாமினென் நால்வரும் 1993இல் நார்வே, ஸ்வீடன், பின்லாந்து வங்கிகளை 1990ஆம் ஆண்டுக் கணக்கை வைத்து ஒப்பிட்டார்கள். நாடுகளுக்கு இடையேயான வங்கித்திறன் ஒப்பீட்டில் முன்னோடி வேலை அது. ஸ்வீடனின் பெரிய வங்கிகள் முன்வரிசையில் வந்தன. 1992இல் அதே ஸ்வீடனில் வங்கி நெருக்கடி, அரசு நுழைந்து வங்கிகளைத் தூக்கி நிறுத்த வேண்டியதாயிற்று. ஆய்வாளர்களின் தவறு என்று சொல்ல மாட்டேன். 1990ஆம் வருஷத் தாளில் 1992 தெரியாது.

இங்கேதான் ஒருவர் மறுக்கலாம்: “ஒரு வருஷத்துத் திறனை அளக்கும்போது பிந்தைய வருஷத்து நஷ்டத்தை எப்படிச் சேர்ப்பது? மழை பெய்ததற்கு விதைத்தவன் பொறுப்பா?” நல்ல கேள்வி. சிப்காட்டிலிருந்து அதே சாலையில் இன்னும் தெற்கே, பெரியகுப்பம் பக்கம் எண்ணெய் சுத்திகரிப்பு ஆலை ஒன்று எழும்பியது, நாகார்ஜுனா ஆயில் கார்ப்பரேஷன். 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கடலூரைப் புரட்டிப் போட்டபோது பாதி கட்டிய நிலையில் அடி வாங்கியது. பிறகு எழவேயில்லை. திவால் வழக்காகி, கலைப்புக்கு உத்தரவாகி, கடைசியில் ஹால்டியா பெட்ரோகெமிக்கல்ஸ் வாங்கியது. அந்த ஆலையிலிருந்து ஒரு லிட்டர் எண்ணெய் வெளியே வரவில்லை. ஆனால் அதற்குக் கடன் பட்டுவாடாவான வருஷங்களில் வங்கிகளுக்கு அது முழு உற்பத்தி. புயலுக்கு வங்கி பொறுப்பில்லை, ஒத்துக்கொள்கிறேன். வங்காள விரிகுடாக் கரையில் கட்டும் ஆலைக்குப் புயல் வரலாம் என்று கணக்கிடுவது வங்கியின் வேலையா இல்லையா? கடனைப் பரிசீலிப்பதுதானே வங்கியின் உற்பத்தி, பணத்தை எண்ணிக் கொடுப்பதா?

வேடிக்கை என்னவென்றால் இதற்கு மருந்து எங்கள் வாய்க்கால் பக்கத்திலிருந்தே வந்தது. அதாவது, மாசு பற்றிய ஆய்வுகளிலிருந்து. 1989இல் ஃபேர, கிராஸ்காப், லவல், பஸூர்கா நால்வரும் அமெரிக்கக் காகித ஆலைகளை எடுத்துக்கொண்டு, காகிதம் வேண்டிய உற்பத்தி, கழிவு வேண்டாத உற்பத்தி, ரெண்டும் ஒரே குழாயில் சேர்ந்து பிறக்கிறது என்று டி.இ.ஏ.யைத் திருத்தி எழுதினார்கள். கழிவைச் சேர்த்ததும் ஆலைகளின் வரிசை மாறியது. வங்கியில் வாராக்கடன் அதே மாதிரி ஒரு கழிவு. நார்வேயில் பெர்க், ஃபோர்சுண்ட், யான்சன் 1992லேயே கடன் நஷ்டத்தைக் கணக்குக்குள் கொண்டுவந்தார்கள். ஆக 2004இல் எழுதும்போது கருவி கையில் இருந்தது. வாராக்கடனைக் கடைசிப் பத்தியில் காரணமாகச் சொன்னவர்கள், அதை முதல் பக்கத்தில் உற்பத்தியாகப் போட்டிருக்கலாம்.

போட்டிருந்தாலும் இரண்டு நாட்டு ஒப்பீட்டில் ஒரு முள் மிச்சம் இருக்கும். எல்லைக்கோட்டை நாட்டுக்கு ஒன்றாக வரைவதா, இரண்டுக்கும் பொதுவாக ஒன்றா? தனித்தனி என்றால், கடலூர் மாவட்ட முதல் மார்க்கையும் தர்மபுரி மாவட்ட முதல் மார்க்கையும் வேறு வேறு கேள்வித்தாளில் ஒப்பிடுகிற மாதிரி. பொது என்றால், விதிகள் வேறுபடுவது வங்கியின் தலையில் விழும். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் இந்திய வங்கி நூறு ரூபாய் டெபாசிட்டில் 38.5 ரூபாயை அரசுப் பத்திரம் முதலானவற்றிலும் 15 ரூபாயை ரிசர்வ் வங்கியிலும் வைத்தாக வேண்டும். மிச்சத்தில் கொடுக்கும் கடனில் 40 சதவீதம் முன்னுரிமைத் துறைக்கு. 1977 முதல் 1990 வரை நகரத்தில் ஒரு கிளை திறக்க வேண்டுமானால் வங்கியே இல்லாத ஊர்களில் நான்கு திறக்க வேண்டும். கிராமக் கிளையின் செலவு உள்ளீடாக ஏறும், அங்கே கணக்குத் தொடங்கிய விவசாயிக்கு வட்டிக்காரனிடம் போகாமல் மிச்சமானது எந்தக் கட்டத்திலும் ஏறாது. பாகிஸ்தானில் 1997க்குப் பிறகு பெரிய அரசு வங்கிகள் ஆட்களைக் குறைத்தன, கிளைகளை மூடின. உள்ளீடு குறைந்தால் மதிப்பெண் ஏறும். மூடிய கிளையின் வாடிக்கையாளர் எத்தனை மைல் நடந்தார் என்பது யார் கணக்கு?

பாகிஸ்தானை விடுங்கள், இலங்கையோடு ஒப்பிடலாமே என்று ஒரு நண்பர் கேட்டார். ஒரு வருஷத்தை மட்டும் யோசித்துப் பார்த்தேன், 2022. ஏப்ரல் 8 அன்று இலங்கை மத்திய வங்கி கொள்கை வட்டியை ஒரே அடியாக 7 சதவீதப் புள்ளி ஏற்றியது. நான்கு நாளில் வெளிக்கடன் தவணைகளை நாடு நிறுத்திவைத்தது. கடன் மாதிரியில் அளந்தால் வட்டிச் செலவு என்ற உள்ளீடு தாவும், கடன் அளவு அந்த வேகத்தில் ஏறாது, இலங்கை வங்கிகளின் திறன் சரிந்ததாகக் காட்டும். வருமான மாதிரியில் செலவும் வருமானமும் சேர்ந்து ஏறும், பெரிதாக ஒன்றும் நடக்காதது போல இருக்கும். ஒரே வங்கி, ஒரே வருஷம், இரண்டு பதில். அந்த வருஷம் கொழும்பில் கவுண்டருக்கு அந்தப் பக்கம் இருந்தவர்களின் உழைப்பை இரண்டும் சொல்லாது.

இதற்குள் நுழைய எனக்கு ஒரே ஒரு சின்ன வாசல்தான் தெரிகிறது. ஸ்டேட் வங்கியின் முன்னோரான பேங்க் ஆஃப் மெட்ராஸ் 1864இலேயே கொழும்புக்குப் போய்விட்டது. இந்தியன் வங்கி அங்கே 1932இல் கிளை திறந்தது. இரண்டும் இன்றைக்கும் இரண்டு நாட்டிலும் இருக்கின்றன. ஒரே தலைமை, ஒரே பயிற்சி, ஒரே மேனுவல், ஆனால் இரண்டு மத்திய வங்கிகள். நாடு என்பதை வங்கியிலிருந்து பிரித்துப் பார்க்க இதைவிட நல்ல ஜோடி இல்லை. கொழும்புக் கிளைகள் வணிகக் கடன் சார்ந்தவை, அதனால் அவற்றைக் கடலூர்க் கிளையோடு வைக்க முடியாது, சென்னைத் துறைமுகப் பக்கத்துக் கிளை மாதிரி ஒன்றோடுதான் வைக்க வேண்டும். வாராக்கடனை வேண்டாத உற்பத்தியாகப் போட்டு, இரண்டு பக்கமும் 90 நாள் விதிக்குத் திருத்தி, கடன் கொடுத்த வருஷத்துக்கே நஷ்டத்தைத் திருப்பி எழுதிப் பார்க்க வேண்டும். கிளைவாரிக் கணக்கு இந்தியப் பக்கம் வெளியே வருவதில்லை என்பதுதான் இடிக்கிறது.